மீட்ட நாயைத் தேற்றுவதும் சரியான வீட்டில் சேர்ப்பதும்: ஃபாஸ்டர் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

மீட்டு வந்த நாய் முதல் சில நாள் மூலையில் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எவ்வளவு சாது பாருங்க" என்பார்கள். கொஞ்சம் குனிந்து பார்த்தால் தெரியும்: வாய் இறுக மூடியிருக்கும், காது இரண்டும் பின்னால் ஒட்டியிருக்கும், தலை அசையாமல் கண் மட்டும் ஓரத்துக்கு ஓடி வெள்ளை விழி தெரியும், தட்டில் வைத்த உணவு அப்படியே காய்ந்துகொண்டிருக்கும். அது பயத்தில் உறைந்து போயிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு படம் எடுத்து, 'அமைதியான நாய், குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் ஏற்றது' என்று எழுதி, அதே வாரம் தத்துக் கொடுத்தால் பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் ஃபோன் வரும். உடம்பில் தெம்பு ஏறி, பயம் கரைந்ததும் நாய் குரைக்கும், தட்டைக் காவல் காக்கும், கதவைப் பிறாண்டும். கொண்டுபோனவர்களுக்கு 'நாய் மாறிவிட்டது' என்று தோன்றும். உண்மையில் அன்றுதான் அவர்கள் அதை முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.

ஆகவே தத்துப்போகும்வரை நாயைத் தற்காலிகமாக வைத்துப் பார்க்கும் ஃபாஸ்டர் வீட்டுக்கு இரண்டு வேலை. நாயைத் தேற்றுவது ஒன்று. அது எப்படிப்பட்ட நாய் என்று பார்த்துப் பார்த்து எழுதிவைப்பது மற்றொன்று. பாசத்துக்கு இந்த வேலையில் பஞ்சமே இல்லை. பஞ்சம் நோட்டுப் புத்தகத்துக்குத்தான்.

முதல் 14 நாள்

வீட்டில் வேறு நாய் இருந்தால் புதிதாக வந்ததற்குத் தனி அறை, குறைந்தது 14 நாள். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றினால் அறிகுறி தெரிய 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் 14 நாள்கூட. மூச்சையும் நரம்பையும் தாக்கும் இன்னொரு வைரஸ் நோயான டிஸ்டெம்பருக்கு ஓரிரு வாரம். வந்த அன்று துள்ளிக் குதித்த குட்டி ஐந்தாம் நாள் ரத்தபேதியில் விழுவது இதனால்தான். வந்தவுடன் தடுப்பூசி போடுவது நல்லது. ஆனால் எதிர்ப்பாற்றல் வர நாளாகும், ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட கிருமியை அது நிறுத்தாது. ஊசி போட்டாச்சே என்று மறுநாளே மற்ற நாய்களோடு விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

தனித் தட்டு, தனி லீஷ், தனி துடைப்பம், அந்த அறைக்கென்று ஒரு ஜோடி செருப்பு. கவனிக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் வீட்டு நாய், கடைசியில் புது நாய். குட்டி வாந்தி எடுத்தாலோ, ஒரு வேளை சாப்பிட மறுத்துச் சுருண்டு கிடந்தாலோ 'நாளை பார்ப்போம்' என்று இருக்கக் கூடாது. பார்வோவில் ஒரு இரவு என்பது பெரிய இடைவெளி.

தரையைச் சுத்தம் செய்வதில் பலரும் சறுக்குவார்கள். பார்வோ கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டு உபயோக பிளீச் 1 பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே நிற்க விட வேண்டும். மலத்தின் மேலேயே பிளீச்சை ஊற்றினால் பயனில்லை. அழுக்கு அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, அலசி, பிறகு பிளீச். சிறுநீரையும் முன்பே அலசிவிட வேண்டும், ஏனென்றால் அதிலுள்ள அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் நச்சுப்புகை கிளம்பும். ஆசிட் கலந்த கழிவறை கிளீனரோடு பிளீச்சை ஒருபோதும் கலக்காதீர்கள். கலவை ஒரு நாளில் வீரியம் இழக்கும், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய் விடுவதும் நெருப்பால் சுடுவதும் வேண்டாம். உண்ணியை எடுத்ததோடு வேலை முடியாது. தினமும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்திருந்தாலும், மூக்கில் ரத்தம் கசிந்தாலும், ஆசனவாய் வழியாக எடுக்கும் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலும் உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை தேவை. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள் தருவார்கள். இரண்டு மூன்று நாளிலேயே நாய் வாலாட்டிக்கொண்டு எழுந்துவிடும். அதைப் பார்த்து பத்தாம் நாள் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். நோய் மறுபடி தலைதூக்கும்போது நாய் தத்துப்போன வீட்டில் இருக்கும். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், உணவுக்குழாயில் சிக்கினால் புண்ணாகும். உணவோடு கொடுத்து, பின்னால் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். பாலோடு சேர்த்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது.

சொறியில் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சார்கோப்டிக் வகை மற்ற நாய்களுக்கு ஒட்டும், கவனிப்பவரின் கையிலும் அரிப்பு வரும். டெமோடெக்ஸ் அப்படி ஒட்டாது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல முடியும். கால்நடைகளுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தின் ஊசியை உத்தேசமாக நாய்க்குப் போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கோலி போன்ற மேய்ப்பு இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் மரபணு மாற்றத்தால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்து, தள்ளாட்டம், வலிப்பு, மரணம் வரை போகும். கலப்பு நாயின் வம்சம் யாருக்குத் தெரியும்? மருத்துவர் எடை பார்த்துச் சொல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

நாயைத் தொடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொடர்ந்து மீட்பு வேலை செய்கிறவர் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி முதல் நாளும் ஏழு நாள் கழித்தும் என இரண்டு தவணை. கடியோ பிறாண்டலோ பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்தடுப்பு போட்டவருக்கும் கடிக்குப் பின் கூடுதல் தவணைகள் உண்டு.

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு

விலா எண்ணிவிடும்படி இருக்கும் நாயைப் பார்த்ததும் தட்டு நிறையப் போடத்தான் கை போகும். ஆபத்து அங்கேதான். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று நிறைய உணவு, அதிலும் மாவுச்சத்து, உள்ளே போனால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் அவற்றின் அளவு தடாலென்று விழும். பட்டினியில் பிழைத்த நாய் சாப்பாட்டில் சாவது இப்படித்தான். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். சாப்பிட ஆரம்பித்த முதல் சில நாட்களில் வரும்: தலை தூக்க முடியாத சோர்வு, தள்ளாட்டம், மூச்சிரைப்பு, வலிப்பு, கரும்பழுப்புச் சிறுநீர். இதில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

கணக்கு எளிது. நாயின் இப்போதைய எடையை 30ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். இருக்க வேண்டிய எடையை எடுத்துக்கொள்ளக் கூடாது. வருவது, சும்மா படுத்திருக்கும்போது ஒரு நாளைக்குத் தேவையான கலோரி. 12 கிலோ நாய் என்றால் 430. முதல் நாள் அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது சுமார் 110 முதல் 145 கலோரி, 6 வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு 20, 25 கலோரிதான் வரும். அளவுக் கரண்டியை நம்பாமல், பாக்கெட்டில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பார்த்து, சமையலறைத் தராசில் நிறுத்துக் கொடுங்கள். வாந்தியும் பேதியும் இல்லையென்றால் நான்கைந்து நாளில் 430ஐ எட்டலாம். மிக மோசமாக மெலிந்த நாய்க்கு ஒரு வாரம் பத்து நாள்கூட எடுக்கலாம். அதன் பிறகுதான் எடை ஏற்றும் பேச்சு.

என்ன கொடுப்பது என்பதிலும் நினைப்பதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும். லேசாக இருக்கட்டும் என்று கஞ்சி, குளுக்கோஸ் தண்ணீர், பிரெட் கொடுப்பார்கள். மூன்றும் மாவும் சர்க்கரையும். உடல் தேறும் நாய்களுக்கென்றே தயாரித்த, புரதமும் கொழுப்பும் கூடுதலாக உள்ள உணவோ, நல்ல குட்டி நாய் உணவோதான் இந்த நேரத்தில் பொருத்தம். பால் பல வளர்ந்த நாய்களுக்குப் பேதியை உண்டாக்கும். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், ஆனால் மொத்தமாகக் குடித்து வாந்தி எடுத்தால் சிறிய கிண்ணத்தில் அடிக்கடி நிரப்புங்கள். தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்வற்றலைச் சொல்லும் முறை மெலிந்த நாயிடம் ஏமாற்றும். தோலுக்கடியில் கொழுப்பே இல்லாததால் தண்ணீர் போதுமான அளவு இருந்தாலும் தோல் மெதுவாகத்தான் திரும்பும். ஈறு ஒட்டுகிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

குடற்புழு மருந்தைப் பலவீனமான நாய்க்கு எப்போது கொடுப்பது என்பது மருத்துவர் முடிவு. ஒரே தவணையோடு விட்டுவிடாதீர்கள். உடம்பின் திசுக்களில் ஒளிந்திருக்கும் இளம் புழுக்களை மருந்து தொடாது, அவை வளர்ந்து குடலுக்கு வந்தபின் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுதவணை வேண்டும்.

எடையை வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே தராசில் எழுதுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

கருத்தடை தத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும், ஆனால் உடம்பு தேறிய பிறகு. உண்ணிக் காய்ச்சல் உள்ள நாய்க்கு ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கும்; ரத்தப் பரிசோதனை செய்யாமல் மேஜையில் ஏற்றினால் ரத்தக்கசிவு நிற்காது. அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள், தையலை நக்காமல் தடுக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. பாவமாக இருக்கிறதே என்று ஒரு மணி நேரம் கழற்றினால் அந்த ஒரு மணி நேரத்தில் தையலைப் பிரித்துவிடும்.

பிறப்புறுப்பில் வரும் தொற்றுப் புற்றுக்கு வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்து ஊசி வாரம் ஒன்றாக நான்கைந்து வாரம் போடுவார்கள். நன்றாகவே குணமாகும். ஊசிக்குப் பிந்தைய மூன்று நாட்கள் மலஜலத்தைக் கையுறையோடு எடுங்கள், மருந்து அதில் வெளியேறும்.

டிஸ்டெம்பரிலிருந்து பிழைத்த நாயை அவசரப்பட்டு யாருக்கும் கொடுக்காதீர்கள். சளியும் கண்பீளையும் நின்று, நாய் ஓடியாடி, சில வாரங்கள் கழித்துத்தான் சிலவற்றுக்குத் தசை துடிப்பும் வலிப்பும் தொடங்கும். துடிப்போடு நன்றாக வாழும் நாய்கள் உண்டு. வளர்க்கிறவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயம் கரையும் காலம்

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கை மீட்பு வேலையில் எல்லாரும் சொல்வார்கள். மூச்சு விட மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று ஆக மூன்று மாதம். விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வருகிறவர்களைப் பொறுமையாக இருக்க வைக்க உதவும்.

முதல் நாட்களில் குறைவாகச் செய்வதுதான் வேலை. குளிப்பாட்ட வேண்டாம், உறவினர்களைக் கூட்டி வந்து காட்ட வேண்டாம், மடியில் இழுக்க வேண்டாம். நாய்க் கூண்டான கிரேட்டைத் திறந்தே வைத்து, மேலே ஒரு துணி போர்த்தி, உணவை அதன் வாசலில் வையுங்கள். நீங்கள் அறையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வேறு ஏதாவது செய்துகொண்டிருங்கள். நாய் தானாக வந்து முகர்ந்தால் கையை நீட்டாமல் இருப்பதுதான் பலருக்கும் முடியாத காரியம்.

மீட்ட நாய்கள் தொலைவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: வாசல் கதவு, கழுத்துப் பட்டை. பயந்த நாய் பின்னால் போகும். தலையைத் தாழ்த்தி, காதை ஒட்டிக்கொண்டு, இரண்டடி பின்வாங்கினால் சாதாரண காலர் காதைத் தாண்டி வழுக்கிக் கையில் வந்துவிடும். அதே அசைவில், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் தளர்ந்திருந்தால் அதிலிருந்தும் முன்கால்கள் வெளியே வரும். ஆகவே இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் காலரில் ஒரு லீஷ், விலாவுக்குப் பின்னால் மூன்றாவது பட்டை உள்ள ஹார்னஸில் இன்னொரு லீஷ். வெளியே போகும் முன் வீட்டுக்குள்ளேயே லீஷை முன்பக்கம் இழுத்துச் சோதியுங்கள். கதவு இரண்டு இருந்தால் ஒன்று மூடிய பிறகுதான் மற்றது திறக்க வேண்டும். தப்பி ஓடினால் பத்துப் பேர் பெயர் சொல்லித் துரத்துவது அதை இன்னும் தூரம் விரட்டும். கடைசியாகக் கண்ட இடத்தில் அதன் துணியும் உணவும் வைத்து, ஒருவர் மட்டும் தரையில் உட்கார்ந்து காத்திருப்பதில்தான் பலன் உண்டு.

உறுமலுக்குத் தண்டனை கொடுக்காதீர்கள். உதட்டை நக்குவது, கொட்டாவி, முகம் திருப்புவது, உறைவது, உறுமல், பிறகு பல். நாய் படிப்படியாகத்தான் ஏறுகிறது. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் அந்தப் படியை விட்டுவிட்டு நேராகக் கடிக்கும். 'எச்சரிக்கையே இல்லாமல் கடித்தது' என்று சொல்லப்படும் நாய்களில் சில இப்படி உருவானவை. தட்டைக் காக்கும் நாயிடம் தட்டைப் பிடுங்கிப் பழக்குவதும் அதே வகைத் தவறு. அது சாப்பிடும்போது உறுமாத தூரத்தில், முதலில் இரண்டு மீட்டர் என்று வையுங்கள், நடந்துபோய் அதைவிட ருசியான துண்டு ஒன்றை எறிந்துவிட்டுத் திரும்புங்கள். மனிதர் வந்தால் தட்டில் கூடும், குறையாது என்று அதற்குப் பதிய வேண்டும். தூரத்தை நாள்கணக்கில் குறையுங்கள். உடம்பு விறைத்தால் முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள்.

ஃபாஸ்டர் வீட்டில் தெரியாமலே போகும் ஒன்று தனிமை. கவனிப்பவர் எந்நேரமும் வீட்டிலிருப்பார், துணைக்கு இன்னும் இரண்டு நாய். தத்தெடுக்கிறவர் காலையில் வேலைக்குப் போவார், நாய் ஒற்றையாக இருக்கும், அன்றே கதவுச் சட்டம் போய்விடும். அதனால் இதை இங்கேயே சோதிக்க வேண்டும்: மற்ற நாய்களை அப்புறப்படுத்தி, கைபேசியில் வீடியோ ஓட விட்டு, 30 நொடி, 2 நிமிடம், 5 நிமிடம், அரை மணி என்று வெளியே போய் வாருங்கள். வீடியோவில் எச்சில் ஒழுகல், மூச்சிரைப்பு, இடைவிடாத உலாத்தல் தெரிந்தால் நேரத்தைக் கூட்டாதீர்கள்.

நோட்டில் எழுதுவதை அடைமொழியாக எழுதாமல் நடந்ததாக எழுதுங்கள். 'பூனை பிடிக்காது' என்பதால் யாருக்கும் பயனில்லை. '15 மீட்டரில் பூனையை உற்றுப் பார்த்தது, உணவைக் காட்டியதும் திரும்பியது. 5 மீட்டரில் உணவைக் கவனிக்கவில்லை, லீஷை இழுத்துக் கத்தியது' என்றால் பூனை உள்ள குடும்பம் முடிவெடுக்க முடியும். அந்நிய ஆண்கள், குழந்தைகள், சைக்கிள், இடி, வண்டிப் பயணம், நகம் வெட்டுவது, ராத்திரி. எல்லாவற்றுக்கும் ஒரு வரி.

தத்து

படம் நாயின் கண் மட்டத்தில், பகல் வெளிச்சத்தில், கூண்டுக்கு வெளியே எடுத்ததாக இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் எந்த நாயும் பரிதாபமாகத் தெரியும். பரிதாபத்துக்காக எடுப்பவர் பரிதாபம் தீர்ந்ததும் சலித்துப்போவார். அடிபட்ட நாளின் படங்களை முதலில் போடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அறிவிப்பில் அதன் கஷ்டமான குணம் இரண்டையாவது வெளிப்படையாக எழுதுங்கள். விசாரிப்பு குறையும், வருகிற விசாரிப்பு உருப்படியாக இருக்கும்.

கேள்விகளில் 'நாய் வளர்த்த அனுபவம் உண்டா' என்பதற்கு எல்லாரும் உண்டு என்பார்கள். 'முன்பு வளர்த்த நாய் என்ன ஆனது?' என்று கேளுங்கள். முதல் இரவு எங்கே தூங்கும்? நீங்கள் வெளியூர் போனால் யாரிடம் இருக்கும்? ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? வாடகை வீடானால் உரிமையாளர் எழுத்தில் சம்மதித்திருக்கிறாரா? வீட்டில் ஒருவருக்கு மட்டும் விருப்பமில்லை என்றால், பகலில் நாயோடு இருக்கப்போவது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். அவரிடம் தனியாகப் பேசாமல் முடிவு செய்யாதீர்கள்.

அங்கே ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டையும் பொது இடத்தில், இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்திக்கொண்டு போங்கள். பிறகு இடைவெளியைக் குறையுங்கள். வாசலில் நேருக்கு நேர் நிறுத்துவது சண்டைக்கு அழைப்பு. இரண்டு வாரச் சோதனைக் காலம் வைத்து, அதன் பிறகு ஒப்பந்தம் எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது. ஒப்பந்தத்தில் தவறாமல் இருக்க வேண்டிய வரி: எந்தக் காரணத்துக்காகவும் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் நாய் எங்களிடமே திரும்ப வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது.

கையில் கொடுத்தனுப்ப வேண்டியவை: மருத்துவக் கோப்பு, அடுத்த தடுப்பூசி, உண்ணி மருந்துத் தேதிகள், ஒரு வாரத்துக்கான பழைய உணவு, துவைக்காத அதன் படுக்கைத் துணி, நோட்டின் நகல். புது உணவுக்கு மாறுவது ஏழு நாளில்: முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால். காலரையும் ஹார்னஸையும் அவர்கள் கையாலேயே மாட்ட வைத்துப் பாருங்கள். தோலுக்கடியில் பதித்த அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணைப் புது உரிமையாளர் பெயருக்கு அன்றே மாற்றுங்கள். பதிவு மாறாத சிப், நாய் தொலைந்தால் உங்கள் வீட்டுக்குத்தான் ஃபோனைக் கொண்டுவரும்.

மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் கூப்பிடுங்கள். 'எப்படி இருக்கு?' என்றால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். 'நேற்று ராத்திரி எத்தனை முறை எழுந்தது, யாரைப் பார்த்தாவது உறுமியதா, கடைசியாக எப்போது தனியாக விட்டீர்கள்?' என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்.

திரும்பி வந்தால் கொண்டு வந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். திட்டு வாங்கியவர் எதையும் சொல்லாமல் போய்விடுவார், அடுத்தவர் திட்டுக்குப் பயந்து நாயைத் தெருவில் விடுவார். உட்கார வைத்து, அந்த வீட்டில் என்ன நடந்தது, எந்த நேரத்தில், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தெரியவே வாய்ப்பில்லாத தகவல் அது. நாய்க்கு மறுபடி 14 நாள் தனி அறை, ஈறு, எடை, தடுப்பூசித் தேதி எல்லாம் பார்த்துவிட்டு, பழைய அறிவிப்பை அப்படியே போடாமல் புதிய விவரத்தோடு திருத்தி எழுதிப் போடுங்கள்.